எட்டு மணி முதல் எட்டு இருபது வரை

மில் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் 'கதிர்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நூற்கும் எந்திரத்தில் வரிசையாக நின்று சுழலும் இரும்புக் குச்சி. நம் ஊரில் ரோடியர் மில்லிலும் சவானா மில்லிலும் ஆயிரக்கணக்கில் சுழன்றவை. பிரெஞ்சில் அதற்கு 'ப்ரோஷ்' என்று பெயர். கோழியைக் கோத்துத் தணலில் திருப்பும் கம்பியும் ப்ரோஷ்தான், சட்டையில் குத்திக்கொள்ளும் நகையும் ப்ரோஷ்தான். இந்த மூன்று பொருளும் பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரியும். நான்காவதாக ஒன்று இருக்கிறது என்பது பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

சிஎன்சி எந்திரத்தின் தலையில், வெட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு சுழல்கிறதே தண்டு, அதுவும் ப்ரோஷ்தான். பட்டறையில் எல்லோரும் ஸ்பிண்டில் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். காலையில் அந்த ஸ்பிண்டில் சூடேற இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது என்று எங்கள் குடும்பத்துக்குள் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை இருக்கிறது. (ஊட்டி மலையடிவார மேட்டுப்பாளையம் இல்லை, நம்முடையது.) மூன்று விஎம்சி, இரண்டு டர்னிங் எந்திரம், இரண்டு ஷிப்ட், கழுத்து மட்டும் வங்கிக் கடன். வேலையில் இருந்தவரை நான் ரசீதும் பேரேடும் பார்த்தவன் என்பதால், வாரத்தில் மூன்று நாள் போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. மதியம் மகள் வீட்டுச் சாப்பாடு உண்டு.

அந்த வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் பட்டறை பூட்டியிருந்தது. திறந்த அன்று காலை முதல் ஷிப்ட்டில் இருந்தவன் பாகூர் பக்கத்துப் பையன், ஐடிஐ படித்தவன், இருபத்திரண்டு வயது. எட்டு மணிக்கு வந்தான், எந்திரத்தைப் போட்டான், ஜாபைக் கட்டினான், பொத்தானை அழுத்தினான். புரோகிராமில் முதல் வரியே எட்டாயிரம் சுற்று. நான்கு நாள் ஆடாமல் அசையாமல் குளிர்ந்து கிடந்த தண்டு ஓரிரு நொடியில் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை, பிறகு திரையில் சிவப்பாக அலாரம். கையால் திருப்பிப் பார்த்தால் தண்டு கரகரவென்று மணலில் சிக்கினது போல் திரும்பியது.

ஸ்பிண்டிலைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பினார்கள். மதிப்பீடு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஜிஎஸ்டி தனி. பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். ஆனால் கடன்காரனின் கோபம் வேறு மாதிரி இருக்கும். "பத்தாயிரம் அவன் சம்பளத்துல பிடிச்சிடுங்க மாமா. அஞ்சு மாசத்துக்குப் பிரிச்சுப் போடுங்க. இல்லன்னா கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு சென்னைக்குப் போய்விட்டார்.

அந்த வவுச்சரை நான் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குமாஸ்தாக்களுக்கு இதற்கென்று ஒரு பழைய வழி உண்டு: கோப்பில் தாள் குறைவு என்று வைத்துக்கொள்வது.

குறைந்த தாள்களை நானே தேடினேன். முதலில் எந்திரத்தோடு வந்த கையேடு. அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. தினமும் காலையில் ஸ்பிண்டிலைக் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும், நாள்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் இன்னும் மெதுவாக, இன்னும் அதிக நேரம் என்று அதில் தெளிவாக இருந்தது. அப்படியானால் பையன் மேல் தப்பு என்றுதானே யாரும் சொல்வார்கள்? நான் அடுத்த தாளை எடுத்தேன். எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த டார்கெட் தாள். ஒரு ஜாபுக்கு நான்கு நிமிடம், ஷிப்டுக்கு 115 ஜாப்.

115-ஐ நாலால் பெருக்கினால் 460. டீக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம், இருபது. ஆக 480. சாப்பாட்டு அரை மணி தனி. 480 நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். ஒரு நிமிடம் கூட மிச்சம் இல்லை. வார்ம்-அப்புக்கு மட்டும் இல்லை, மூக்குச் சிந்தக்கூட அந்தத் தாளில் இடம் கிடையாது. 115-க்குக் குறைந்தால் ஊக்கத்தொகை போய்விடும். அந்தத் தாளில் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக ரிஜெக்‌ஷன் பதிவேடு. கழித்த ஜாப்களை மணி போட்டு எழுதுகிற நோட்டு. அதைப் பின்னோக்கிப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கழித்தவை பெரும்பாலும் காலை ஒன்பதுக்குள். 'ஆழம் தப்பு', 'ஆழம் தப்பு' என்றே வரிசையாக இருந்தது. சாயங்கால ஷிப்ட்டில் அந்த வார்த்தையே அபூர்வம். ஏன் என்று ஆபரேட்டர்களைக் கேட்டேன். "காலைல அப்படித்தான் சார் இருக்கும். நாலஞ்சு ஜாப் போனதும் ஆஃப்செட்டைத் தட்டி விட்டா சரியாயிடும். டீ குடிச்சுட்டு வந்து இன்னொரு தட்டு தட்டணும்" என்றார்கள். அது ஒரு நோயின் அறிகுறி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை; விரல் சொடுக்குகிற மாதிரி தினசரிப் பழக்கமாகிவிட்டது.

இதற்கு உள்ளே இருக்கும் காரணம் எனக்குப் பழுதுபார்ப்பவர் வந்தபோதுதான் முழுசாக விளங்கியது. கோயம்புத்தூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஸ்பிண்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து பொருத்துவதற்காக அவரே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பழைய பேரிங்குகளைப் போட்டு எடுத்து வந்திருந்தார். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் பாத்திரங்களைப் பரப்புகிற மாதிரி அவற்றை என் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து அடுக்கினார்.

"பாருங்க ஐயா, இந்தப் பாதை வெள்ளி மாதிரி மின்னணும். பழுப்பாகி நீலம் ஓடியிருக்குதுங்களா? இது சூடு. கிரீஸ் பாருங்க, வாணலி அடியில கருகின மாதிரி."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வார்த்தையில் எழுதுகிறேன். ஸ்பிண்டில் தண்டைத் தாங்குவது உருண்டை பேரிங்குகள். சாதாரண மோட்டாரில் இருப்பதைப் போல் அவை கொஞ்சம்கூடத் தளர்வாக இருக்கக் கூடாது. தண்டு ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் ஆடினாலே வேலையில் தெரியும். (தலைமுடி ஒன்று சுமார் எழுபது மைக்ரான் கனம்.) அதனால் பேரிங்குகளை ஜோடியாக வைத்து ஒன்றையொன்று அழுத்தும்படி இறுக்கியே கட்டுகிறார்கள். அந்த இறுக்கம் ஒரு கணக்கு. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

இனி சூட்டைப் பாருங்கள். பேரிங்கின் உள்வளையம் தண்டோடு ஒட்டியது. வெளிவளையம் வார்ப்பிரும்புத் தலைக்குள் உட்கார்ந்திருப்பது. அந்தத் தலை யானை மாதிரி, சீக்கிரம் சூடேறாது. திடீரென்று எட்டாயிரத்தில் ஓட்டினால் தண்டும் உள்வளையமும் முதலில் சூடேறிப் பெருக்கின்றன. வெளிவளையம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. நடுவில் உருண்டைகள் நசுங்குகின்றன. நசுக்கினால் உராய்வு, உராய்வால் மேலும் சூடு, சூட்டால் மேலும் நசுக்கல். வட்டிக்கு வட்டி போடுகிற கதைதான். மெதுவாக ஏற்றினால் தலைக்கும் சூடு பரவ நேரம் கிடைக்கிறது. எல்லாம் சேர்ந்து பெருத்து, இறுக்கம் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

கிரீஸ் இன்னொரு விவகாரம். நாள்கணக்கில் நின்ற பேரிங்கில் கிரீஸ் பாதையிலேயே கட்டியாக நிற்கும். உருண்டை அதை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தனக்கு வழி செய்துகொள்ள வேண்டும். மெதுவாகப் போனால் ஒதுக்கும். வேகமாகப் போனால் அதைக் கடையத் தொடங்கிவிடும். தயிர் கடைந்தால் வெண்ணெய் வரும், கிரீஸ் கடைந்தால் சூடுதான் வரும்.

காலை நேரத்து 'ஆழம் தப்பு'க்கும் இதுதான் காரணம். எஃகு 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். முந்நூறு மில்லிமீட்டர் தண்டு இருபது டிகிரி சூடேறினால் எழுபது மைக்ரான், அதாவது ஒரு தலைமுடி. அவ்வளவும் கருவி இருக்கிற பக்கமே வந்துவிடாது. பாதி வந்தாலே போதும், மாப்பிள்ளை செய்யும் ஜாபுக்கு வாடிக்கையாளர் விடுகிற இடைவெளி இருபது மைக்ரான்தான். எட்டு மணிக்குச் சரியாக அளந்து வைத்த ஆழம் எட்டரைக்குத் தப்பு. பையன்கள் ஆஃப்செட்டைத் தட்டித் தட்டித் தண்டின் வளர்ச்சியைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்போ பொங்கல் கழிஞ்சு ஓட்டினதாலதான் போச்சா?" என்று கோயம்புத்தூர்க்காரரிடம் நேராகவே கேட்டேன். வழக்கில் சாட்சி கேட்கிற கேள்விதான். அவர் யோசித்தார். "அன்னைக்கு ஒரு நாளில் மட்டும் இந்த நிறம் வராதுங்க ஐயா. இது ரொம்ப நாளா சுட்டுச் சுட்டு வந்தது. அன்னைக்குக் கடைசி நாள், அவ்வளவுதான். எத்தனை பேர் ஓட்டுறாங்க இந்த மெஷினை?" ஐந்து பேர் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, கூலன்ட் குழாயின் முனை தண்டின் மூக்கைப் பார்த்தே இருக்கிறது, அதைத் திருப்பி வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை சரக்கு அனுப்பியாக வேண்டும். பொருத்தி முடிந்ததும் மாப்பிள்ளை ஜாபைக் கட்டச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் பையிலிருந்து சிற்றுண்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே, "நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வெட்டலாமுங்க" என்றார். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸ்பிண்டில் ரெடின்னுதானே கொண்டுவந்தீங்க?" என்றார். "ரெடிதானுங்க. புதுப் பேரிங். பழக்கணும். உங்க மெஷின், நீங்க இப்பவே வெட்டுங்க. நான் வாரண்டித் தாள்ல கையெழுத்துப் போடாம வண்டி ஏறிடறேன்" என்றார். குரல் உயரவே இல்லை. நாற்பது வருடம் அரசாங்கத்தில் கையெழுத்தின் வலிமையைப் பார்த்தவன் நான்; அவ்வளவு அமைதியாக அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

இதைத்தான் பிரெஞ்சில் 'ரொதாஜ்' என்பார்கள். பட்டாளத்துப் பென்ஷனோடு ஊர் திரும்பிய நம் சொல்தாக்களுக்கு நினைவிருக்கும்: பிரான்சில் புதுக் கார் வாங்கியவர்கள் பின்கண்ணாடியில் 'ஆன் ரொதாஜ்' என்று அட்டை மாட்டியிருப்பார்கள். மெதுவாகத்தான் போவேன், ஒலிக்காமல் தாண்டிப் போ என்று அர்த்தம். நம் பக்கம் பஜாஜ் ஸ்கூட்டருக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினோமே, அதே மரியாதை. ஆனால் அந்தச் சொல் இங்கே சரியாகப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். ரொதே என்றால் ஒன்றோடொன்று தேய்த்து இணக்குவது. புது ஸ்கூட்டரில் வளையமும் சிலிண்டரும் நிஜமாகவே தேய்ந்து இணங்கும். ஸ்பிண்டில் பேரிங்கில் எதுவும் தேயவே கூடாது. கிரீஸ் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கோயம்புத்தூர்க்காரர் சொன்ன வார்த்தைதான் சரி: பழக்குவது. மாட்டை நுகத்துக்குப் பழக்குவதைப் போல.

எனக்கு வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஐந்நூறு சுற்றில் தொடங்கினார். கருவி இல்லை, ஜாப் இல்லை, வெறும் தண்டு. அரை மணி கழித்து ஆயிரம். பிறகு இரண்டாயிரம். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்டின் மூக்கில் காட்டி ஒரு நோட்டில் எழுதுவார். எழுதுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கட்டம் போட்டு, மணி, வேகம், சூடு என்று மூன்று பத்தி. அறையின் சூடு 26.

மூவாயிரத்தில்தான் அந்த வேலையின் அழகு தெரிந்தது. 30, 34, 38 என்று ஏறிக்கொண்டே போய் 41-ஐத் தொட்டது. வேகத்தை அவர் மாற்றவில்லை. கொஞ்ச நேரம் 41-லேயே நின்றது. பிறகு யாரும் ஒன்றும் செய்யாமல் 40, 39 என்று இறங்கி 37-இல் நின்றது. "இதுதானுங்க வேணும். ஏறினது தானா இறங்கணும். கிரீஸ் வழிவிட்டுடுச்சுன்னு அர்த்தம். இறங்காம அடுத்த படி கிடையாது" என்றார். காய்ச்சல் விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் போல மூன்று பேர் நின்றோம். மூன்றாவது ஆள் பாகூர்ப் பையன். அவனைப் போகச் சொல்லியும் போகவில்லை.

நாலாயிரத்தில் சிக்கல். கால் மணி நேரத்தில் 50-ஐத் தாண்டி, நிற்காமல் 59-க்குப் போய்விட்டது. நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை ஓடிவந்து, "திரும்பவும் போச்சா?" என்றார். "போகலீங்க. ஒரு இடத்துல கிரீஸ் முரண்டு பண்ணுது. ஆறட்டும்." ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மறுபடி மூவாயிரத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை நாலாயிரத்தில் 50 வரை ஏறி 44-க்கு இறங்கியது. அப்போது இரவு ஒன்பது மணி. அன்றைக்கு அதோடு முடித்து, மறுநாள் காலை குளிர்ந்த தண்டில் மறுபடி கீழிருந்து தொடங்கி, எட்டாயிரத்தைத் தொட்டு அது ஏறி இறங்கி நிலைத்தபோது மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு வெட்டலாம் என்றார். கால் மணி முன்னதாகவே கையெழுத்துப் போட்டார். சரக்கு சனிக்கிழமை போகவில்லை, திங்கள்கிழமை போயிற்று. வாடிக்கையாளர் தொலைபேசியில் திட்டினார். அந்தத் திட்டுக்கு வவுச்சர் கிடையாது.

அன்று மாலையே என் கோப்பை மாப்பிள்ளையின் மேசையில் வைத்தேன். கையேடு, டார்கெட் தாள், ரிஜெக்‌ஷன் நோட்டு, கோயம்புத்தூர்க்காரரின் அறிக்கை. கூடவே ஒரு சட்டம். சம்பளத்தில் சேதத்துக்காகப் பிடித்தம் செய்வதானால், அந்தச் சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று இருக்க வேண்டும். அவன் பக்கத்து விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கவும் கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அப்படித்தான் சொல்லியது. அது பிரிட்டிஷ் இந்தியாவில் போட்ட சட்டம். அப்போது நம் ஊருக்குச் செல்லாது. அதே 1936-இல், ஜூலை 30-ஆம் தேதி, இங்கே என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுப் போலீஸின் குண்டுக்கு விழுந்தார்கள். அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை வந்தது. ஒவ்வொரு ஜூலை முப்பதிலும் மாலை போடுகிறோம்.

மாப்பிள்ளை படித்தார். பிடித்தத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதற்குள் அந்த யோசனை அவருக்கே கசந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் வேறு ஒரு யோசனை சொன்னார். "சரி மாமா, வார்ம்-அப் கட்டாயம். எல்லாரும் ஏழு நாப்பதுக்கு வந்துடட்டும். போட்டு விட்டுட்டு எட்டு மணிக்கு வேலையை ஆரம்பிக்கட்டும்."

"அந்த இருபது நிமிஷத்துக்கு சம்பளம்?"

"சும்மா நிக்கறதுக்கா? மெஷின்தானே ஓடுது."

அதற்குள் நான் பெருக்கிவிட்டிருந்தேன். நாளுக்கு இருபது நிமிடம், மாதம் இருபத்தாறு நாள், 520 நிமிடம். எட்டு மணி நாற்பது நிமிடம். அதாவது மாதத்தில் ஒரு முழு நாளும் கொஞ்சமும் இனாம். வருடத்துக்கு 104 மணி, பதின்மூன்று நாள். தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். எட்டு மணி நேரத்தின் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டவர் அவர். அவருடைய பாட்டனார் மில்லில் கதிர்ப் பகுதியில் இருந்தவர். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று.

அவரும் சும்மா இருக்கவில்லை. வியாபாரி அல்லவா, பதில் கணக்குப் போட்டார். எந்திரத்துக்கு மணிக்கு 450 ரூபாய் கூலி. இருபது நிமிடம் 150. மாதம் 3,900, வருடம் 46,800, ஒரு எந்திரத்துக்கு மட்டும். பழுது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் (வரி திரும்பக் கிடைத்துவிடும்). "ஆக, ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பிண்டில் போனாலும் எனக்குச் சமம்தான் மாமா" என்றார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், கணக்குத் தப்பில்லை. எந்திரம் நின்ற பன்னிரண்டு நாளை நான் சேர்த்தேன். நாளுக்குப் பதினாறு மணி, 192 மணி, 86,400 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,96,400. இப்போது நான்கு வருடத்துக்கு மேல் போகிறது. அதற்கு மேல் காலை நேரத்தில் கழித்த ஜாப்கள், திங்கள்கிழமை வாங்கிய திட்டு. அவற்றுக்கு விலை போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் வழி காட்டியது பாகூர்ப் பையன்தான். அவன் பக்கத்து விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்று அவனை உள்ளே கூப்பிட்டோம். அவன் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "சார், வார்ம்-அப் ஓடுற நேரத்துல நான் சும்மா நிக்க மாட்டேன். காத்து அழுத்தம் பாக்கணும், ஆயில் மட்டம் பாக்கணும், சிப் வாரணும், டூலோட கூம்பைத் துடைக்கணும். இதெல்லாம் இப்போ ஜாபுக்கு நடுவுல ஓடி ஓடிப் பண்றோம், இல்ல பண்றதே இல்ல. அந்த இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. கேட்க எங்களுக்கும் அவ்வளவு ஆகியிருக்கிறது.

எட்டு மணி முதல் எட்டு இருபது வரை என்று முடிவாயிற்று, ஷிப்ட்டுக்குள்ளேயே. இருபது நிமிடத்துக்கு ஐந்து ஜாப். முதல் ஷிப்ட்டின் டார்கெட் 110. இரண்டாவது ஷிப்ட் சூடான எந்திரத்தை வாங்கிக்கொள்வதால் 115 அப்படியே. இதில் இரண்டாவது ஷிப்ட்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். வாராவாரம் ஷிப்ட் மாறுவதால் அடங்கிவிட்டது. வார்ம்-அப்புக்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார்கள்: ஐந்நூறில் ஐந்து நிமிடம், இரண்டாயிரத்தில் ஐந்து, நாலாயிரத்தில் ஐந்து, ஆறாயிரத்தில் ஐந்து. கூடவே மேசையும் முன்னும் பின்னும் போய்வரும். அந்த ஸ்க்ரூகளும் சூடேற வேண்டும் அல்லவா. என் பங்குக்கு ஒரு பதிவேடு போட்டேன். தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி, மூக்கின் சூடு, கையெழுத்து. ஐந்து பத்தி, நீல மையில்.

காலை நேரத்து 'ஆழம் தப்பு' அடியோடு போகவில்லை. அறை குளிரும் மார்கழியில் இன்னும் ஒன்றிரண்டு வருகிறது. முன்பு ஒரு பக்கம் நிறைய வந்தது, இப்போது பக்கத்துக்கு ஒரு வரி. பாகூர்ப் பையன் சென்ற வருடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான், நல்ல சம்பளம். போகும் முன் தன் இடத்துக்கு வந்தவனுக்கு ஒரு வாரம் எல்லாம் காட்டிக் கொடுத்தான். வெப்பமானியைப் பிடிப்பது உட்பட.

இந்த வருடமும் பொங்கலுக்கு நான்கு நாள் பூட்டினார்கள். திறந்த அன்று நான் சற்று முன்னதாகவே போய்விட்டேன். புதுப்பையன் ஐந்நூறில் போட்டுவிட்டுச் சிப் வாரிக்கொண்டிருந்தான். நீண்ட விடுமுறை என்பதால் அன்றைக்கு எண்பது நிமிடம் பழக்க வேண்டும். எந்திரத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். 110-ஐ அடித்து, மாப்பிள்ளை தன் கையாலேயே 95 என்று திருத்தி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்.